அமெரிக்காவின் தேசிய ஹரிகேன் மையம்: பாதையை நம்பலாம், பலத்தைப் படித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்

ஃப்ளோரிடாவின் டாம்பாவில் நான் ஓர் இந்திய மளிகைக் கடை நடத்துகிறேன். இங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிகேன், அதாவது கடும் சூறாவளிப் புயல், வரும் பருவம். அந்த ஆறு மாதமும் என் பிழைப்புக்கு மிகவும் வேண்டிய சேவை எது என்று கேட்டால் வங்கியையோ சரக்கு லாரியையோ சொல்ல மாட்டேன். மியாமியில் ஃப்ளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையத்தின் இணையதளத்தைத்தான் சொல்வேன். சுருக்கமாக என்.எச்.சி. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதில் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தப் படத்துக்கு அடியில் கிடக்கும் சரக்கைப் பற்றி யாரும் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இந்தச் சேவையால் என்ன ஆக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையின் பின்பக்கம் ஃப்ரீசர்கள்: முருங்கைக்காய், பரோட்டா, வஞ்சிரம், துருவிய தேங்காய். முன்பக்கம் குளிர் அலமாரி: தோசை மாவு, தயிர், பால், கறிவேப்பிலை. மின்சாரம் போய் ஒரு நாள் தாண்டினால் குளிர் அலமாரியில் இருப்பதெல்லாம் குப்பை. ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஜெனரேட்டருக்கு எவ்வளவு எரிபொருள் வாங்குவது, டிரை ஐஸ் சொல்லி வைப்பதா, வரவேண்டிய லாரியை நிறுத்தச் சொல்வதா, வேலை பார்க்கும் பிள்ளைகளை எப்போது வீட்டுக்கு அனுப்புவது, இத்தனைக்கும் எனக்கு இரண்டே பதில் வேண்டும். காற்று எப்போது வரும்? எவ்வளவு பலமாக வரும்?

முதல் கேள்விக்கு இந்த மையம் பதில் சொல்லும் விதத்துக்கு முழு மதிப்பெண் தருகிறேன். புயல் ஒன்று உருவாகிவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது எங்கள் நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு முழு அறிவிக்கை வந்துவிடும். கரைக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் இடையில் இன்னொன்றும் வரும். அவர்கள் போடும் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது காற்று வந்து சேரும் நேரப் படம். வெப்பமண்டலப் புயல் அளவுக் காற்று, அதாவது மணிக்கு 39 மைல், உங்கள் ஊருக்கு எப்போது வந்து சேரும் என்று இரண்டு விதமாகக் காட்டுவார்கள். ஒன்று, பெரும்பாலும் வரக்கூடிய நேரம். இன்னொன்று, சீக்கிரமே வந்துவிட்டால் எப்போது என்பது. அந்த நேரத்துக்கு முன்னால் காற்று வர பத்தில் ஒரு பங்கு வாய்ப்புதான் இருக்கும். நான் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். ஷட்டருக்குப் பலகை அடிப்பதெல்லாம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். காற்று ஏறிய பிறகு ஏணியில் யாரையும் நிற்க வைக்கக் கூடாது.

அடுத்து எல்லோருக்கும் தெரிந்த கூம்புப் படம். வெள்ளையாக விரிந்துகொண்டே போகுமே, அதுதான். அது புயலின் அகலம் இல்லை. புயலின் மையப்புள்ளி எங்கெங்கே போகக்கூடும் என்பது மட்டும்தான். கடந்த ஐந்து ஆண்டுகளில் தாங்கள் சொன்னதும் நடந்ததும் எவ்வளவு விலகின என்று கணக்கிட்டு, மூன்றில் இரண்டு பங்கு தடவை மையம் உள்ளே அடங்கும்படி வட்டங்களைப் போட்டுக் கோத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் வட்டத்தின் ஆரம் 200 கடல் மைலுக்கும் மேல். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு தடவை மையமே கூம்புக்கு வெளியே போகும். காற்றும் மழையும் கடல்நீர் ஏற்றமும் எப்போதுமே வெளியே பரவும். 2022 செப்டம்பரில் இயான் வந்தபோது முதல் சில நாட்கள் டாம்பாவில்தான் பதற்றம். கடைசியில் 28ஆம் தேதி தெற்கே கேயோ கோஸ்டா தீவில் மணிக்கு 150 மைல் காற்றோடு கரையேறியது. ஃபோர்ட் மயர்ஸ் பகுதி கூம்பின் விளிம்பை ஒட்டியே இருந்தது. நடுக்கோடு வேறு ஊருக்குப் போகிறது என்று அசந்திருந்தவர்கள் அங்கே நிறைய.

இருந்தாலும் பாதைக் கணிப்பில் இவர்கள் செய்திருக்கும் முன்னேற்றம் அசாத்தியமானது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் மூன்று நாள் முன்கூட்டிச் சொல்லும்போது இருந்த பிழை இன்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் தங்கள் கணிப்பில் எது எவ்வளவு தப்பியது என்று அவர்களே கணக்குப் போட்டு அறிக்கையாக வெளியிடுகிறார்கள். தன் பிழையைத் தானே அளந்து ஊருக்குக் காட்டும் நிறுவனம் எத்தனை இருக்கிறது? இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் இவர்களை நம்புகிறேன்.

சரி, இரண்டாவது கேள்வி. எவ்வளவு பலமாக வரும்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

2023 அக்டோபரில் மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஓட்டிஸ் என்று ஒரு புயல். கரையேறுவதற்கு ஒரு நாள் முன்பு அது ஹரிகேன்கூட இல்லை, சாதாரண வெப்பமண்டலப் புயல். புயலைக் கணிக்கும் நம்பகமான கணினி மாடல்கள் எதுவும் பெரிதாகக் காட்டவில்லை. 25ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அகபுல்கோவை அது தாக்கியபோது கேட்டகரி 5, அதாவது ஹரிகேன் பலத்தின் ஐந்து படிகளில் உச்சப்படி. 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 100 மைலுக்கும் மேல் கூடியிருந்தது. 24 மணி நேரத்தில் 35 மைல் கூடினாலே அதற்கு அதிவேக வலுப்பெறல் என்று பெயர்! தூங்கப் போகும் ஊருக்கு அப்படி ஒரு புயல் வந்தால் என்ன செய்ய முடியும்?

எங்களுக்கு நேர்ந்தது 2024 அக்டோபரில், மில்டன். இரண்டு வாரம் முன்புதான் ஹெலீன் வந்து டாம்பா விரிகுடாக் கரையெல்லாம் கடல்நீரை ஏற்றிவிட்டுப் போயிருந்தது. தெருவோரம் ஊறிய மெத்தைகளும் சுவர்ப் பலகைகளும் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தன. மில்டன் 5ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவின் தென்மேற்கு மூலையில் உருவானது. 7ஆம் தேதி அதன் காற்று மணிக்கு 180 மைல், மைய அழுத்தம் 895 மில்லிபார். ஒரே நாளில் சுமார் 90 மைல் ஏற்றம். வலுப்பெறும் என்று மையம் சொல்லியிருந்தது, ஆனால் அந்த உயரத்துக்குப் போகும் என்று முதல் நாள் அறிவிக்கையில் இல்லை. அதே சமயம், கரைக்கு வருவதற்குள் மேல்காற்று குறுக்கே வெட்டி வேகம் குறையும், ஆனால் புயலின் அகலம் பெருகும் என்று முன்கூட்டியே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது அப்படியே நடந்தது. 9ஆம் தேதி இரவு சாரசோட்டாவை ஒட்டிய சியஸ்டா கீயில் கேட்டகரி 3 ஆகக் கரையேறியது. புயலின் நடுவே அமைதியாக இருக்கும் கண் எங்களுக்குத் தெற்கே போனதால் டாம்பா விரிகுடாவில் நீர் ஏறுவதற்குப் பதில் உள்வாங்கியது. எதிர்க்கரையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கும் மேல் மழை.

பாதையை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவர்களுக்குப் பலம் மட்டும் ஏன் பிடிபட மறுக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அவர்களுடைய பக்கங்களையும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளையும் கடை மூடிய பிறகு படிக்க ஆரம்பித்தேன். பாதையைத் தீர்மானிப்பது புயலைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்த பெரிய காற்றோட்டங்கள். செயற்கைக்கோளும் உலக மாடல்களும் அவற்றை நன்றாகப் பிடித்துவிடும். பலத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கண்ணைச் சுற்றி நிற்கும் மேகவளையமான கண்சுவரை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் நடக்கும் சமாச்சாரம். அங்கே காற்று சீராக ஓடுவதில்லை. குமுறி, சுழித்து, மேலும் கீழும் புரண்டு ஓடுகிறது. இதைத்தான் டர்புலன்ஸ், கொந்தளிப்பு என்கிறோம்.

இந்தக் கொந்தளிப்பு இரண்டு வேலை செய்கிறது. வெதுவெதுப்பான கடலிலிருந்து ஆவியையும் சூட்டையும் மேலே தூக்கிக் கொடுக்கிறது. அது புயலுக்குத் தீனி. கூடவே, கடல்பரப்பில் உரசி வேகமிழந்த காற்றை மேலே உள்ள வேகமான காற்றோடு கலக்கிறது. அது புயலுக்குத் தடை. இன்னொரு நுட்பமும் உண்டு. உரசலால் வேகம் குறைந்த காற்று, மையத்தின் குறைந்த அழுத்தத்தால் உள்ளே இழுக்கப்படுகிறது. தரையை ஒட்டி உள்நோக்கிப் பாயும் இந்தக் காற்றுதான் ஈரத்தையும் சுழற்சியையும் கண்சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மேலுங்கீழுமான கலப்பு அதிகமாக இருந்தால் இந்தப் பாய்ச்சல் தடித்துப் பரந்து பலவீனப்படும். கலப்பு குறைவாக இருந்தால் பாய்ச்சல் மெல்லிய அடுக்காக, வேகமாக உள்ளே போகும், கண்சுவர் சுருங்கும், புயல் வலுப்பெறும்.

இப்போது கணினி மாடலுக்கு வாருங்கள். 2023 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஏ.எஃப்.எஸ். என்ற ஹரிகேன் மாடல், புயலின் உள்பகுதியைச் சுமார் 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. கொந்தளிப்பின் சுழிப்புகளோ சில பத்து மீட்டர், சில நூறு மீட்டர் அளவுதான். வலைக்கண் அந்த அகலம் என்றால் நெத்திலி நிற்குமா? அதனால் சுழிப்புகளை நேரடியாகக் கணக்கிட முடியாமல், ‘இவ்வளவு கலப்பு நடக்கும்’ என்று ஒரு சூத்திரத்தால் நிரப்புகிறார்கள். அந்தச் சூத்திரம் தப்பானால் பலக் கணிப்பும் தப்பு.

சூத்திரத்தைச் சரிபார்க்க அளவுகள் வேண்டாமா? அங்கேதான் 1989 செப்டம்பர் 15ஆம் தேதி வருகிறது. பார்படோசுக்குக் கிழக்கே ஹியூகோ புயல். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் பி-3 விமானம் ஒன்று வெறும் 1,500 அடி உயரத்தில் கண்சுவருக்குள் நுழைந்தது. எதிர்பார்த்ததைவிடப் புயல் பலமடங்கு மோசமாக இருந்தது. கேட்டகரி 5. கண்சுவரின் உள்விளிம்பில் ஒரு சின்ன, மூர்க்கமான சுழலில் விமானம் மாட்டி, உள்ளே கட்டியிருந்த பொருளெல்லாம் பறக்க, நான்கு எஞ்சின்களில் ஒன்று தீப்பிடித்து நின்றுபோனது. எப்படியோ கண்ணின் அமைதிக்குள் வந்து சேர்ந்தார்கள். அங்கே வட்டமடித்தபடி எரிபொருளைக் கொட்டி எடையைக் குறைத்தார்கள். விமானப்படையின் இன்னொரு புயல் விமானம் வந்து, கண்சுவரில் கொஞ்சம் சாதுவான பக்கத்தைத் தேடிக் காட்டிய பிறகுதான் வெளியே வந்தார்கள். அனைவரும் உயிரோடு திரும்பினார்கள். அதன்பிறகு பலமான புயலின் கண்சுவருக்குள் அவ்வளவு தாழ்வாக ஆட்களை அனுப்புவதை விட்டுவிட்டார்கள். சரியான முடிவு. ஆனால் பலத்தைத் தீர்மானிக்கும் அடுக்கில் நேரடி அளவு அரிதாகிப் போனதும் அதனால்தான்.

அந்த விமானத்தின் கருவிகள் அந்தக் குலுக்கலிலும் பதிவு செய்துகொண்டே இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து ஜுன் ஜாங் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஹியூகோவின் பதிவுகளையும் 1980ஆம் ஆண்டு ஆலன் புயலின் பதிவுகளையும் எடுத்து, உண்மையான கண்சுவரில் கலப்பு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த எச்.டபிள்யூ.ஆர்.எஃப். மாடல் கலப்பை மிக அதிகமாக வைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதனால் மாடலுக்குள் புயல் தடித்து, பரந்து, உள்பாய்ச்சல் மெலிந்து கிடந்தது. மியாமியில் உள்ள நோவா ஆய்வகத்தின் கோபாலகிருஷ்ணன் குழுவினரோடு சேர்ந்து அந்த எண்ணைக் குறைத்தார்கள். 2012 வாக்கில் அது செயல்பாட்டு மாடலுக்குள் வந்தது. புயலின் உருவமும் பலமும் முன்பைவிட நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தன. உயிரைப் பணயம் வைத்த ஒரு பறப்பின் எண்கள் என் ஃபோனில் தெரியும் கணிப்புக்குள் இருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கதை அங்கேயே முடியவில்லை. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மொஸ்தஃபா மோமென் போன்றவர்கள், புயலின் சுழற்சியே கொந்தளிப்பை அடக்குகிறது, சாதாரணக் காற்றுக்கு எழுதிய சூத்திரத்தை ஹரிகேனுக்கு அப்படியே போட்டால் கலப்பு அதிகமாகிவிடும் என்று காட்டியிருக்கிறார்கள். மியாமியில் பிங் ஜூ குழுவினர், கொந்தளிப்பு தரையை ஒட்டி மட்டும் இல்லை, கண்சுவர் மேகங்களுக்குள்ளேயே உயரமாக இருக்கிறது, மாடல் அதையும் கணக்கில் எடுத்தால்தான் அதிவேக வலுப்பெறலைப் பிடிக்க முடியும் என்கிறார்கள். ஆக, ஓரிடத்தில் குறைக்க வேண்டும், இன்னோரிடத்தில் சேர்க்க வேண்டும். கடலின் உரசலும் அப்படித்தான். காற்று கூடக் கூட உரசலும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் நெடுங்காலம் மாடல்களில் எழுதியிருந்தார்கள். 2003ல் பாவெல் குழுவினர் விமானத்திலிருந்து போட்டால் விழுந்துகொண்டே காற்றை அளக்கும் டிராப்சோண்டு கருவிகளின் அளவுகளை வைத்து, ஹரிகேன் வேகம் தாண்டியதும் அது கூடுவது நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள்.

ஆள் போக முடியாத அந்த அடுக்குக்கு இப்போது ட்ரோன்களை அனுப்புகிறார்கள். 2022ல் இயானின் கண்சுவருக்குள் ஆல்டியஸ் என்ற சிறிய ட்ரோனை பி-3 விமானத்திலிருந்து ஏவினார்கள். அந்த பி-3 விமானங்கள் நிற்பது எங்கள் பக்கத்து ஊரான லேக்லாந்து விமான நிலையத்தில். கெர்மிட், மிஸ் பிக்கி என்று பெயர். 2025 அக்டோபரில் மெலிசா ஜமைக்காவை நோக்கிப் போனபோது, கடும் கொந்தளிப்பால் நோவா விமானம் பணியைப் பாதியில் விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. மெலிசா மிகப் பெரிய புயலாக மாறும் என்பதை மையம் நாட்கள் முன்பே அறிவித்திருந்தது. 28ஆம் தேதி அது மணிக்கு 185 மைல் காற்றோடு கரையேறியது. ஓட்டிசுக்கும் மெலிசாவுக்கும் நடுவே இரண்டே ஆண்டு. பலக் கணிப்பு முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு சேவையை எப்படிப் பயன்படுத்துவது? என் சிபாரிசு, அந்தத் தளத்தில் ‘டிஸ்கஷன்’ என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும், அதைத் திறங்கள். படம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினாலும் திறந்துவிடும். அதை எழுதிய முன்னறிவிப்பாளரின் பெயர் கீழே இருக்கும். விமானம் கடைசியாக என்ன அளந்தது, எந்த மாடல் என்ன சொல்கிறது, எதை ஏற்றோம், எதை ஒதுக்கினோம், எங்கே சந்தேகம் என்று நாலைந்து பத்தியில் எழுதியிருப்பார்கள். அதில் பலத்தைப் பற்றிய பத்தியை மட்டுமாவது படியுங்கள். மாடல்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று எழுதியிருந்தால், பொது அறிவிக்கையில் உள்ள ஒற்றை எண்ணை ஒரு கேட்டகரி கூட்டித்தான் நான் எடுத்துக்கொள்வேன். அதிவேக வலுப்பெறல் என்ற பேச்சு வந்துவிட்டால் அன்று மாலையே டிரை ஐஸுக்குச் சொல்லிவிடுவேன், மறுநாள் காலைக்குக் காத்திருப்பதில்லை. டிஸ்கஷனில் வேகம் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று இருக்கும். பொது அறிவிக்கையில் மைல். 100 நாட் என்றால் 115 மைல். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பயம் விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைக்கு வழக்கமாக வரும் ஒரு தம்பி, டவுன்டவுனில் உயரமான கட்டடத்தில் இருபத்தி எட்டாவது மாடியில் குடியிருக்கிறார். ஒருமுறை புயலுக்கு முந்தைய நாள் தண்ணீர் பாட்டில் வாங்க வந்தவர், “கேட்டகரி 1தானே அண்ணே, எங்க மாடிக்கு வெள்ளமும் வராது, நான் எங்கேயும் போகலை” என்றார். கல்லாவில் ஆட்களை நிறுத்திவிட்டு அவருக்கு அந்த மையத்தின் ஒரு விளக்கத்தைக் காட்டினேன். 30 மாடிக் கட்டடத்தின் உச்சியில் காற்று, தரைமட்டத்தைவிடச் சராசரியாக ஒரு கேட்டகரி அதிகமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். காரணம் அதே உரசலும் கொந்தளிப்பும்தான். அறிவிக்கையில் வரும் எண் 10 மீட்டர் உயரத்துக்கானது. உரசல் பிடித்திழுக்கும் அடியடுக்கைத் தாண்டி மேலே போகப் போக வேகம் ஏறும். கண்சுவரில் சுமார் 500 மீட்டர் உயரத்தில்தான் உச்சம். டிராப்சோண்டுகள் இதைக் காட்டிய பிறகுதான் 1992ஆம் ஆண்டின் ஆண்ட்ரூவைப் பத்து ஆண்டு கழித்துக் கேட்டகரி 4லிருந்து 5க்கு உயர்த்தினார்கள். தம்பி கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எங்க பால்கனிக் கண்ணாடிக்கு இது 2ஆ அண்ணே?” என்றார். “ஆமாம்ப்பா, கட்டடத்தைச் சுத்தி சுழிக்கிற காத்து தனி” என்றேன். அன்று இரவு அவரும் மனைவியும் பிராண்டனில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அறிவிக்கையில் வரும் வேகம் ஒரு நிமிடச் சராசரி என்பதையும் சொல்ல வேண்டும். சட்டென்று அடித்துவிட்டுப் போகும் வீச்சு அதைவிட அதிகம். மரமும் வீடும் நிறைந்த தரைமேல் வந்ததும் சராசரி குறையும், ஆனால் கொந்தளிப்பு கூடுவதால் வீச்சுக்கும் சராசரிக்கும் இடைவெளி பெருகும். கூரையைப் பிய்ப்பது பெரும்பாலும் அந்த வீச்சுதான். 1996ல் ஃபிரான் புயலில் லாரிமேல் ஏற்றிய ரேடாரைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, காற்று சில நூறு மீட்டர் இடைவெளியில் வரிவரியாக வேகமும் மந்தமுமாக ஓடுவதைக் கண்டார்கள். ஒரே தெருவில் ஒரு வீடு நாசமாகி அடுத்த வீடு ஓடுகூட நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியைச் சொல்கிறது. அதனால் வர்தாவின் எண்ணையும் மில்டனின் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

மற்ற செயலிகளை ஒப்பிட்டுக் கேட்பார்கள். விண்டி அழகாக இருக்கிறது. ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க மாடலையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அது மாடலின் வெளியீடு, முன்னறிவிப்பு இல்லை. உலக மாடல்களின் கட்டம் இன்னும் பெரியது என்பதால் கண்சுவரின் பலம் அதில் தெரியாது. அந்த வண்ணங்களைப் பார்த்துப் பலத்தை முடிவு செய்யாதீர்கள். நான் காசு கொடுத்து வாங்கிய வேறொரு செயலி, புயலே உருவாகாதபோது பத்து நாள் தள்ளி ஒரு ராட்சசப் புயலைக் காட்டி வாடிக்கையாளர்களை ஓட வைத்தது. தண்ணீர் பாட்டில் நன்றாக விற்றது, உண்மைதான். ஆனால் பயந்து வாங்கிய வயதானவர்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. நீக்கிவிட்டேன். 2025 பருவத்தில் கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவு மாடலையும் மையத்தினர் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது சுழிப்புகளைக் கணக்கிடுவதில்லை, பழைய புயல்களிலிருந்து கற்றது. அதையும் அவர்கள் எடைபோட்டு எழுதும்போதே படிப்பது நல்லது.

வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஃப்ளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டின் ஹரிகேன் கழிவுத்தொகை, அதாவது சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, மாநிலத்தின் எந்தப் பகுதிக்காவது இந்த மையம் ஹரிகேன் கண்காணிப்போ எச்சரிக்கையோ கொடுத்திருக்கும் காலத்தோடு சட்டப்படி கட்டப்பட்டிருக்கிறது. அறிவிக்கையின் தேதி, நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

குறை என்று நான் சொல்வது கூம்புப் படத்தில்தான். அதில் புயலின் பலத்தை ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எழுத்தாகப் போடுகிறார்கள்: டி, எஸ், எச், எம். எச் என்றால் ஹரிகேன். எம் என்றால் பெரிய ஹரிகேன், மணிக்கு 110 மைலுக்கு மேல். பாதையில் உள்ள சந்தேகத்துக்கு இவ்வளவு பெரிய கூம்பு வரைந்து காட்டுகிறவர்கள், அதைவிடச் சந்தேகம் நிறைந்த பலத்துக்கு ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விவரம் இல்லாமல் இல்லை. காற்று வேக நிகழ்தகவு அட்டவணையில் ஊர்வாரியாக இருக்கிறது, டிஸ்கஷனில் இருக்கிறது. ஆனால் கவுண்டர் முன்னால் அவசரமாக நிற்பவர் பார்ப்பது அந்தப் படத்தை மட்டுமே. எச் என்ற எழுத்துக்குப் பக்கத்தில், இது எம் ஆக மாற இத்தனை சதவீத வாய்ப்பு என்று ஒரு சின்ன எண் போட்டால் போதும். 2024ல் உள்நாட்டு எச்சரிக்கைகளையும் கூம்புப் படத்தில் சேர்த்துச் சோதனையாக வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், கேட்டுத் திருத்தவும் செய்கிறார்கள். இந்த எண் விஷயத்தை நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். இங்கே குடியிருக்கும் தமிழர்கள் நீங்களும் எழுதுங்கள்.